மூன்று வயல்களும் ஒற்றை எழுத்தும்

போன கிழமை கிளிநொச்சி அலுவலகத்திலிருந்து சுதர்சினி தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு தரவு அறையில் என் கதிரையில் இருப்பவள் அவள்தான்.

"அக்கா, மன்னாரில இருந்து பயிற்சிக்கு ஆக்கள் வந்திருக்கினம். எல்லாக் கட்டளைக்கும் ஒரே சொல்லு வைச்சது ஆரெண்டு கேட்டினம். நீங்கள்தான் எண்டு சொன்னன். கொம்பியூட்டர் படிச்சவாவோ எண்டினம். இல்லை, மிதிவெடி எடுத்தவா எண்டன். நம்புகினமில்லை. ஒருக்கா எழுதித் தாங்கோவன்."

அவர்கள் நம்பாததில் பிழையில்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அவள் சொன்னது உண்மை. எழுதுகிறேன்.

என் பெற்றோர் மலையகத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். கலவரத்தோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, தோட்டம் செய்து எங்களை வளர்த்தார்கள். சண்டை முடிந்து செட்டிகுளம் முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது எங்கள் காணிக்கு முன்னால் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை தொங்கியது. அந்தப் பலகையைக் கழற்ற வந்த மிதிவெடி அகற்றும் நிறுவனத்திலேயே நான் வேலைக்குச் சேர்ந்தேன். சில கிழமைப் பயிற்சி. பிறகு வயல்.

அந்த வேலை முழங்காலில் நின்று செய்கிற வேலை. காலையில் இரும்பைக் காட்டிக்கொடுக்கும் டிடெக்டரை ஒரு சோதனை இரும்புத் துண்டின் மேல் பிடித்துப் பார்ப்போம். அது சத்தம் போட்டால்தான் உள்ளே இறங்கலாம். ஒரு மீற்றர் அகலப் பாதை. எனக்கு முன்னால் ஒரு சிவப்புத் தடி குறுக்கே கிடக்கும். தடிக்கு இந்தப் பக்கம் பார்த்த நிலம், அந்தப் பக்கம் பார்க்காத நிலம். ஒரு சாண் பார்த்து முடித்தால் தடி ஒரு சாண் நகரும். பின்னேரம் வெளியே வரும்போது, எல்லை காட்ட நடுகிற கட்டைகளை எண்ணுவோம். நட்டதையும் மிஞ்சியதையும் கூட்டினால், காலையில் கொண்டுபோன தொகை வரவேண்டும். வராவிட்டால் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது.

இராசநாயகம் சேர் எங்கள் களப்பணி முகாமையாளர். முன்னாளில் நில அளவையாளராக இருந்தவர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சேட்டின் பொத்தானைக் கழற்ற மாட்டார். குரல் உயர்த்திக் கதைத்ததை நான் கேட்டதில்லை. யார் எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கண்டதோ, நினைச்சதோ?"

சேர்ந்த புதிதில் ஒருநாள், ஒன்பதாம் பாதையில் எல்லைக் கட்டை விழுந்துவிட்டதாம் என்று அவரிடம் சொன்னேன்.

"கண்டதோ, நினைச்சதோ?"

"ஆக்கள் சொல்லிச்சினம் சேர்."

"அப்ப அது நினைச்சது. போய்க் கண்டுகொண்டு வாரும், பிள்ளை."

வெயிலில் அரை மணித்தியாலம் நடந்து போய்ப் பார்த்தேன். கட்டை நின்றது. திரும்பி வந்து சொன்னேன். "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஏழு வருடத்தில் என் வலது முழங்கால் வீங்கிப்போய், மடக்க முடியாமல் வந்தது. வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்தேன். சேர் கூப்பிட்டார். "உமக்கு எண்ணுற பழக்கம் இருக்கு. தரவு அறைக்கு ஆள் வேணும். வாறீரோ?" எனக்குக் கணினி தெரியாது என்றேன். "வெடியும் தெரியாமத்தானே வந்தனீர்" என்றார்.

அந்த அறையில் இருந்தது ஒரு கறுப்புத் திரை. படம் ஒன்றும் இராது, அழுத்துவதற்கு ஒரு பொத்தானும் இராது. கட்டளையை எழுத்தாக அடித்தால் பதில் எழுத்தாக வரும். மாவட்டத்தில் எங்கள் பொறுப்பிலிருந்த ஒவ்வொரு வயல் துண்டும் ஓர் இலக்கத்தோடு உள்ளே கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலைமை பதியப்பட்டிருக்கும். துப்புரவாக்கி, தரம் பார்த்து முடித்தது 'முடிந்தது'. தண்ணீர் நிற்பதால் வேலையை விட்டது 'நிறுத்தியது'. தரம் பார்த்தபோது ஏதாவது அகப்பட்டு, முழுவதையும் முதலிலிருந்து செய்யவேண்டியது 'மீளச் செய்வது'.

இவற்றைப் பார்க்க மூன்று கட்டளைகள் இருந்தன. ஒன்று பட்டியல் தரும். மற்றது வரைபடம் கீறும். மூன்றாவது, காணியைச் சனத்திடம் ஒப்படைக்கும்போது கடிதத்தோடு இணைக்கிற தாளை அச்சடிக்கும். மூன்றையும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் எழுதியிருந்தார்கள். முதலாமவர் வெளிநாட்டுக்காரர், எப்போதோ ஊருக்குப் போய்விட்டார். ஒருவர் எழுதியதை மற்றவர் சரியாகப் பார்க்கவில்லை.

வேண்டியதை மட்டும் வடித்தெடுக்க, கட்டளையின் பின்னால் 'எஸ்' என்று ஓர் ஆங்கில எழுத்தையும் நிலைமையின் பெயரையும் அடிக்கவேண்டும். பட்டியல் கட்டளையில் அந்த எஸ்ஸுக்கு 'இதை மட்டும் காட்டு' என்று பொருள். ஒப்படைப்புக் கட்டளையில் அதே எஸ்ஸுக்கு 'இதை விட்டுவிடு' என்று பொருள். ஒரே எழுத்து, அங்கே ஒன்று, இங்கே அதற்கு நேர்மாறு. வரைபடக் கட்டளையில் எஸ்ஸே கிடையாது. அடித்தால் ஒன்றும் சொல்லாமல் எல்லா வயலையும் கீறித் தந்துவிடும். எனக்குப் பழக்கிய பெடியன் கணினியின் ஓரத்தில் இதையெல்லாம் ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போனான். நானும் அந்தத் துண்டைப் பார்த்துப் பார்த்தே வேலை செய்தேன். ஐந்து வருடம் ஒரு பிழையும் வரவில்லை. அந்தத் துண்டில் எழுதாத ஒன்று இருந்தது என்பதை மட்டும் நான் அறியவில்லை.

பரந்தனுக்கு அப்பால், கடல்நீரேரிப் பக்கமாக ஒரு கிராமம். நாற்பத்து நான்கு வயல் துண்டுகள். சனம் பல வருடமாகக் காத்திருந்தது. பெரும்போக விதைப்புக்கு முன்னம் காணியைக் கொடுக்கவேண்டும் என்று முடிவாகி, பெரிய அதிகாரிகள் வர வசதியாக ஒப்படைக்கும் நாளை இரண்டு நாள் முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் தாளை அவசரமாக எடுத்தேன். வழக்கமாக ஒரு கிராமத்தில் விடவேண்டியது ஒரு வகைதான் இருக்கும். இங்கே முதல்முறையாக இரண்டு வகை. மீளச் செய்வது, நிறுத்தியது, இரண்டையும் விடவேண்டும். பட்டியல் கட்டளையில் எஸ்ஸை இரண்டு தரம் அடித்தால் இரண்டையும் கேட்டுக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் இரண்டு தரம் அடித்தேன். இரண்டு பக்கம் அச்சாகி வந்தது. அனுப்பிவிட்டேன்.

எண்ணவில்லை. அதற்கு நான் என்ன காரணம் சொன்னாலும் அது காரணமாகாது.

அடுத்த நாள்தான் ஒப்படைப்பு. அன்று காலை ஒன்பது மணி போல, எங்கள் கோப்புக்காக அதே கிராமத்தின் வரைபடத்தை எடுத்தேன். முடிந்த வயல் பச்சை, நிறுத்தியது மஞ்சள், மீளச் செய்வது சிவப்பு. பென்சிலை எடுத்து, முதல்நாள் தாளின் பிரதியில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் நேரே சரி போட்டுக்கொண்டு வந்தேன். பதினாறாம் வயல் பச்சை. பதினேழு சிவப்பு.

பதினேழு தாளில் இருந்தது.

மீண்டும் பார்த்தேன். பதினெட்டும் சிவப்பு. முப்பத்தொன்றும் சிவப்பு. மூன்றும் தாளில் இருந்தன. பச்சை முப்பத்தாறு, மஞ்சள் ஐந்து, சிவப்பு மூன்று, மொத்தம் நாற்பத்து நான்கு. தாளில் இருக்கவேண்டியது முப்பத்தாறு. முப்பத்தொன்பது இருந்தது. ஒப்படைப்புக் கட்டளை, இரண்டு தரம் சொன்னால் கடைசியாகச் சொன்னதை மட்டும் கேட்டு, முன்னதை மறந்துவிடுகிற கட்டளை. அதைத் தன் வாயால் சொல்லவும் இல்லை.

வயலில் சிவப்புக் கட்டைகள் நிற்கும், சனம் உள்ளே போகாது என்று என்னைத் தேற்ற முடியவில்லை. முந்திய மாரி வெள்ளம் அந்தப் பக்கத்துக் கட்டைகளை அள்ளிக்கொண்டு போனதாக நானே பதிந்திருந்தேன். அங்கே முன்னர் வேலை செய்த அணியை முல்லைத்தீவுக்கு மாற்றியிருந்தார்கள். அந்த மூன்று வயலும் முடியாதவை என்பது அந்த நேரத்தில் எங்கள் கணினிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

தளத்துக்குள் கைத்தொலைபேசிகளை நிற்பாட்டி வைப்பது எங்கள் ஒழுங்கு. ஆகவே வோக்கி-டோக்கியை எடுத்தேன். தளத்துக் கூடாரத்தில் வோக்கிக்குப் பொறுப்பாயிருந்த பெண் பதில் தந்தாள்.

"ஒப்படைப்பு நடந்திட்டுதோ?"

"கடிதம் குடுத்தாச்சு அக்கா. படம் எடுக்கினம். பெருமாள் அண்ணை தன்ர வயலுக்குள்ள உழவு மெசினை இறக்கிட்டார்."

"எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லுங்கோ. பதினேழு, பதினெட்டு, முப்பத்தொண்டு முடியேல்லை. திருப்பிச் சொல்லுங்கோ."

அவள் திருப்பிச் சொன்னாள். அவசரம் என்றாலும் செய்தியைத் திருப்பிச் சொல்லித்தான் ஆகவேண்டும். பிறகு நீளமாக ஒரு விசில் வோக்கிக்குள்ளாகவே கேட்டது. அந்த விசில் கேட்டால் எங்கள் ஆட்கள் நின்ற இடத்தில் நிற்பார்கள். ஆனால் உழவு மெசினில் இருக்கிறவருக்கு அதன் இரைச்சலுக்குள் விசில் கேட்காது. இரண்டாம் விசில். மூன்றாம் விசில். பிறகு வோக்கி இரைந்தது, ஆள் குரல் இல்லை. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா."

"சொல்லுங்கோ."

"நிண்டிட்டுது. கனகம்மா அக்கா போய் மறிச்சிட்டா."

கனகம்மா பெருமாள் அண்ணையின் மனைவி. அவர்களும் எங்களைப்போல மலையகத்திலிருந்து வந்த குடும்பம். இரண்டு வருடம் எங்கள் தளத்துக்குப் பக்கத்தில் குடிசை போட்டிருந்ததால் அந்த விசிலின் பொருள் அவாவுக்குத் தெரியும். பதினைந்தாம் வயலின் வரம்பால் ஓடி, மெசினுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருக்கிறா. மெசின் அப்போது பதினாறாம் வயலில் ஒரு சால் உழுது, பதினேழுக்குத் திரும்புவதற்கு முன்சில்லை வரம்பில் ஏற்றியிருந்தது.

அடுத்ததாக வோக்கியில் வந்தது இராசநாயகம் சேரின் குரல்.

"பிள்ளை, கண்டதோ, நினைச்சதோ?"

"கண்டது சேர். எண்ணிப் பார்த்தது. பட்டியலை எடுத்தது நான். பிழை என்ர."

"மூண்டு இலக்கத்தையும் திருப்பிச் சொல்லும்."

சொன்னேன்.

"சரி. ஆக்களை வெளியில எடுக்கிறன். நீர் படத்தோட வாரும்."

நான் மோட்டார் சைக்கிளில் பரந்தன் சந்தியைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது, உழுத சாலின் மேலாகவே எல்லோரையும் வரிசையாக நடத்தி வீதிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சேர், வந்திருந்த பெரியவரிடம் மரியாதையாகக் கையை நீட்டி, சற்று முன் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கினார். அதைக் கிழிக்கவில்லை. மேலிருந்து கீழே இரண்டு கோடு கீறி, நேரம் எழுதி, கையொப்பம் வைத்தார். பிறகு சனத்தைப் பார்த்து, "இந்தத் தாளில பிழை இருக்கு. பிழை எங்கட. மூண்டு வயல் இன்னும் முடியேல்லை. முடிச்சுத் தருவம்" என்றார்.

பெருமாள் அண்ணை வீதியோரத்தில் குந்திவிட்டார். நான் கிட்டப் போய், அந்தத் தாளை எடுத்தது நான்தான் என்று சொன்னேன். கனகம்மாதான் பதில் சொன்னா: "நிப்பாட்டினதும் நீங்கதானே புள்ள."

பின்னேரம் தரவு அறைக்குச் சேர் வந்தார். கணினிக்குக் கிட்ட வராத மனிதர், கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தார். நடந்ததை அப்படியே அடித்துக் காட்டினேன். ஒரு தரம் எஸ் போட்டு, பிறகு இரண்டு தரம் போட்டு, பிறகு மற்றக் கட்டளையில் அதையே போட்டு. அவர் திரையில் இரண்டு எஸ்ஸையும் விரலால் தொட்டார்.

"ரெண்டு சொன்னா ரெண்டையும் கேக்கவேணும். இல்லையெண்டா, எனக்கு விளங்கேல்லை எண்டு சொல்லவேணும். இது பேசாமல் இருந்திருக்கு."

"நான் எண்ணாமல் விட்டனான் சேர்."

"ஓம். அதையும் அறிக்கையில எழுதும். முதல் பந்தியில."

எழுதினேன். முதல் பந்தியில் என் பிழை, இரண்டாம் பந்தியில் கட்டளையின் பிழை. மூன்றாம் பந்தியில், மூன்று கட்டளைக்கும் என்ன செய்யவேண்டும் என்று எனக்குப் பட்டதை எழுதினேன். எஸ் என்ற எழுத்தை எடுத்துவிடவேண்டும். அதற்குப் பதிலாக, எந்தக் கட்டளையிலும் 'மட்டும்' என்பதற்கு ஒரு முழுச் சொல், 'தவிர' என்பதற்கு ஒரு முழுச் சொல். எத்தனை தரம் சொன்னாலும் அத்தனையையும் கேட்கவேண்டும். தெரியாத ஒன்றை அடித்தால் வேலை செய்யாமல் நிற்கவேண்டும். எந்தத் தாளின் அடியிலும் உள்ளே எத்தனை, வெளியே எத்தனை, மொத்தம் எத்தனை என்று வரவேண்டும், கட்டை எண்ணுகிற மாதிரி.

கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து முடியாது என்று பதில் வந்தது. மற்ற மாவட்டங்களில் எஸ் போட்டு எழுதிவைத்த வேலைகள் எல்லாம் உடைந்துவிடுமாம். எங்களைக் கவனமாக அடிக்கச் சொன்னார்கள். சேர் அதற்கு ஒரு வரிக் கடிதம் போட்டார்: கட்டளைகள் திருத்தப்படும்வரை எந்த ஒப்படைப்புக் கடிதத்திலும் கையொப்பமிட மாட்டேன். வேறு ஒருவரின் கையொப்பம் செல்லாது. அந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டு வழக்கம்போலத் தளத்துக்குப் போய்விட்டார்.

மறு கிழமை கொழும்பிலிருந்து கசுன் வந்தார். ஒப்படைப்புக் கட்டளையை எழுதியவர். முப்பது வயதிருக்கும், நல்ல மரியாதையான ஆள், திக்கித் திக்கித் தமிழ் கதைப்பார். என் மேசையில் மடிக்கணினியை விரித்து, தான் எழுதியது பிழையில்லை என்று விளங்கப்படுத்தினார். உதவிக் குறிப்பில் எல்லாம் இருக்கிறதாம். திறந்து காட்டினார். உண்மைதான், இருந்தது. ஆங்கிலத்தில், நாற்பதாவது வரியில்.

"தம்பி, நீங்கள் எழுதினது எனக்கு விளங்குது. மற்றவர் எழுதினதும் விளங்குது. ரெண்டையும் ஒரே ஆள் ஒரே மேசையில இருந்து அடிக்கிறா. அதுதான் பிரச்சினை."

"மாத்தினா எல்லாம் உடையும் அக்கா."

"உடையட்டும். சத்தம் போட்டு உடையட்டும். பழைய எஸ்ஸை அடிச்சா, நான் வேலை செய்யமாட்டன், மட்டுமோ தவிரவோ சொல்லு எண்டு நிக்கட்டும். எங்களுக்குச் சத்தம் போடுற பிழை வேணும்."

அவர் யோசிப்பதாகச் சொன்னார். நான் அவரைப் பரந்தனுக்கு அப்பால் அந்த வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பதினேழாம் வயலில் வேலை நடந்துகொண்டிருந்தது. அன்று காலையில் ஒன்று அகப்பட்டிருந்தது, வரம்பிலிருந்து நாலைந்து காலடி தூரம் உள்ளே. அது எடுக்க முடியாமல் கிடந்ததால் இருந்த இடத்திலேயே வெடிக்கவைக்க ஆயத்தம் செய்தார்கள். எங்களை மண்மூட்டைக்குப் பின்னால் இருத்தினார்கள். கசுனின் கையில் பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணி. எண்ணி முடித்து வெடித்தபோது நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது. தேத்தண்ணி முழுவதும் அவர் சேட்டில்.

புகை கலைந்த பிறகு, மெசின் எங்கே நின்றது என்று கேட்டார். வரம்பில் இன்னமும் தெரிந்த சில்லின் அடையாளத்தைக் காட்டினேன். எட்டி எட்டி நடந்து தூரத்தை அளப்பதுபோலக் கண்ணாலேயே பார்த்தார். அலுவலகத்துக்குத் திரும்பினோம். வந்ததும் மடிக்கணினியைத் திறந்து, "அக்கா, தெரியாத சொல் அடிச்சா என்ன மாதிரிச் சொல்லவேணும்? நீங்க சொல்லுங்க, நான் எழுதுறன்" என்றார்.

நான்கு நாள் எங்களோடு தங்கினார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதியதை நான் பிழையாக அடித்து அடித்துப் பார்த்தேன். ஒருமுறை நிலைமையின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு அடித்தேன். பழைய கட்டளை என்றால் பேசாமல் வெறுந்தாளைத் தரும். புதியது நின்று, 'இப்படி ஒரு நிலைமை இல்லை' என்று எழுதியது. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

புதிய கட்டளைகள் மற்ற மாவட்டங்களுக்குப் போன முதல் கிழமை தொலைபேசி ஓயவில்லை. எல்லாம் உடைந்துவிட்டதாக ஏசினார்கள். இரண்டாம் கிழமை வவுனியாவிலிருந்து ஒருவர் எடுத்தார். அவர்களுடைய பழைய பட்டியல் ஒன்றிலும் இரண்டு எஸ் இருந்ததாம். பூவரசங்குளம் பக்கம் ஒரு காணி, ஒப்படைக்க இரண்டு நாள் இருந்ததாம். புதிய கட்டளை நின்றபடியால்தான் பார்த்தார்களாம். "நன்றி சொல்லத்தான் எடுத்தனான்" என்றார். அதன் பிறகு ஒருவரும் ஏசவில்லை. இன்றைக்கு அந்த நிறுவனத்தின் எந்த அலுவலகத்தில் யார் அடித்தாலும் அந்த இரண்டு சொல்தான்.

மூன்று வயலிலும் சேர்த்து நான்கு வெடி எடுத்தார்கள். முதல் மழை விழுவதற்குள் தரம் பார்த்தும் முடிந்தது. இந்தமுறை பந்தல் இல்லை, பெரியவர்கள் இல்லை. முப்பத்தாறு வயலைக் கட்டளை திருந்தியதுமே கொடுத்திருந்தோம். இந்த மூன்றுக்கும் நான் எடுத்த தாளின் அடியில் உள்ளே மூன்று, வெளியே பூச்சியம், மொத்தம் மூன்று என்று இருந்தது. சேர் கையொப்பம் வைத்தார். பிறகு தன் பெயருக்குக் கீழே பேனையால் ஒரு கோடு கீறி, 'எண்ணிச் சரிபார்த்தவர்' என்று எழுதித் தாளை என் பக்கம் திருப்பினார். தரவு அறையில் இருக்கிறவர்களுக்கு அதுவரை அந்தக் கடிதத்தில் இடம் கிடையாது. என் முழுப் பெயரையும் எழுதினேன்.

பெருமாள் அண்ணை மெசினை இயக்கினார். ஆனால் இறக்கவில்லை. என்னைப் பார்த்தார், கேட்க வெட்கப்பட்டவர் மாதிரி. கனகம்மா கேட்டா: "புள்ள, நீங்க ஒருக்கா முன்னால நடந்தா அவருக்குத் தைரியமா இருக்கும்."

"ஓம், நடக்கிறன்" என்றேன்.

செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்தேன். முழங்கால் நோவோடு பதினேழாம் வயலுக்குள் இறங்கி நடந்தேன். மண் குளிராக இருந்தது. நடு வயலுக்கு வந்தபோது பின்னால் மெசினின் சத்தம் மாறியது. அந்தப் பக்க வரம்பில் ஏறித்தான் திரும்பிப் பார்த்தேன். என் காலடித் தடத்தின் மேலாகவே நேர்கோட்டில் உழுதுகொண்டு வந்தார், பெருமாள் அண்ணை.